உடம்பு ஏற எவ்வளவு சாப்பிட வேண்டும்? புரதம், கலோரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. வட சென்னையில் ஒரு சின்ன ஜிம்மில் பல வருடமாக எடை தூக்குகிறவன், கொஞ்சம் படிக்கிறவன். இரண்டு செட்டுக்கு நடுவில் பையன்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகாமல் முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

உங்கள் எடையை 1.6-ஆல் பெருக்குங்கள். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம், 75 கிலோ ஆளுக்கு 120 கிராம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு: 2018-ல் 49 ஆய்வுகளை, அவற்றில் கலந்துகொண்ட சுமார் 1,860 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்குப் புரதம் கூடக் கூட தசையும் கூடியது, ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமைத் தொட்ட பிறகு மேற்கொண்டு சாப்பிட்டதால் பெரிய லாபம் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு என்பதால் சிலருக்கு 2.2 வரைகூடப் பயன் இருக்கலாம் என்று அதே ஆய்வு இடம் விட்டிருக்கிறது.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது கிலோவுக்கு 0.83 கிராம்தானே என்று சிலர் மடக்குவார்கள். அது சாதாரண ஆளுக்குப் பற்றாக்குறை வராமல் இருப்பதற்கான அளவு, பரீட்சையில் 35 மார்க் மாதிரி. அதை வைத்துப் பாஸ் ஆகலாம், மெடிக்கல் சீட் கேட்க முடியாது.

எங்கள் ஜிம் மாஸ்டர் கிலோவுக்கு 3 கிராம் என்கிறாரே?

மாஸ்டர் புரதப் பவுடர் டப்பாவும் விற்கிறாரா என்று பாருங்கள். ஆரோக்கியமான ஆளுக்கு 3 கிராம் சாப்பிட்டால் ஆபத்து என்று சொல்லவில்லை, காசும் பசியும்தான் வீணாகும். ஏற்கெனவே சாப்பாடு இறங்காத ஒல்லிப் பையன் புரதத்தாலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் சோற்றுக்கு இடம் இருக்காது, மொத்தக் கலோரி குறையும், எடை ஏறாது. போட்டிக்குக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும் ஆணழகன்கள் 2 கிராமுக்கு மேலே போவதற்கு வேறு காரணம் இருக்கிறது: கலோரி குறையும்போது உள்ள தசையைக் காப்பாற்ற அது உதவுகிறது.

நான் 105 கிலோ. அப்படியானால் 168 கிராமா?

வேண்டாம். கொழுப்புக்குப் புரதம் போட்டு வளர்க்க வேண்டியதில்லை. சென்டிமீட்டரில் உங்கள் உயரத்திலிருந்து 100-ஐக் கழித்து, வருகிற எண்ணையே எடையாக வைத்துக்கொள்ளுங்கள். 172 செ.மீ. என்றால் 72, அதை 1.6-ஆல் பெருக்கினால் 115 கிராம். தோராயமான கணக்குதான், இந்த வேலைக்குப் போதும்.

கலோரியை எப்படிக் கணக்குப் போடுவது?

பேப்பர் பேனா எடுங்கள். எடையை 10-ஆல் பெருக்குங்கள். சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டுங்கள், பெண் என்றால் 161 கழியுங்கள். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உங்கள் உடம்பு எரிக்கும் கலோரி ஏறக்குறைய இதுதான்.

24 வயது, 60 கிலோ, 170 செ.மீ. பையனை எடுத்துக்கொள்வோம். 600-ம் 1,062-ம் சேர்ந்து 1,662. அதில் 120 போனால் 1,542, ஐந்தைக் கூட்டினால் 1,547. ஓ.எம்.ஆர். ஆபீஸில் உட்கார்ந்த வேலை, வாரம் நான்கு நாள் ஜிம் என்றால் இதை 1.5-ஆல் பெருக்கலாம், ஏறக்குறைய 2,320 வரும். எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவு இது. நாள் முழுக்க வண்டி ஓட்டி மாடி மாடியாக ஏறி டெலிவரி கொடுக்கிறவர், மூட்டை தூக்குகிறவர் என்றால் 1.7, அதற்கு மேலும் போகும்.

தசை ஏற இதற்கு மேல் 200-லிருந்து 300 கலோரி போதும். ஆக நம் பையனுக்கு 2,600. இந்தச் சூத்திரம் உங்களுக்கு 200 கலோரி முன்னே பின்னே தவறாக இருக்கலாம், அதில் ஒன்றும் குடி முழுகாது. மூன்று வாரம் அப்படியே சாப்பிட்டுவிட்டு எடை மெஷின் என்ன சொல்கிறது என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அண்ணா, நான் நிறையத்தான் சாப்பிடுகிறேன். ஏறவே மாட்டேன் என்கிறதே?

அதிகம் வரும் கேள்வி இதுதான், பதிலும் எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் நிறையச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள், திங்கள் முதல் சனி வரை மறந்துவிடுகிறீர்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் ஒருவரின் சாதாரண நாளைப் போட்டுப் பார்க்கலாம். காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி: ஏறக்குறைய 400 கலோரி, 12 கிராம் புரதம். மதியம் அளவுச் சாப்பாடு, சாம்பார், பொரியல், கொஞ்சம் தயிர்: 700 கலோரி, 17 கிராம். சாயங்காலம் டீயும் ஒரு வடையும், அப்புறம் இன்னொரு டீ: 250 கலோரி, 6 கிராம். ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா: 450 கலோரி, 11 கிராம். கூட்டிப் பாருங்கள். 1,800 கலோரி, 46 கிராம் புரதம்.

எடையை அப்படியே வைத்திருக்கவே 2,320 வேண்டும். புரதத்தில் 96 வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. இந்த ஆள் ஜிம்மில் எவ்வளவு கத்திக் கத்தித் தூக்கினாலும் உடம்பு எதை வைத்துத் தசை கட்டும்?

சரி, இதே மெஸ் சாப்பாட்டோடு என்ன சேர்ப்பது? ஆவின் நீலப் பாக்கெட் பால் அரை லிட்டர் (300 கலோரி, 16 கிராம்), நான்கு அவித்த முட்டை (290 கலோரி, 25 கிராம்), 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல் (180 கலோரி, 10 கிராம்). மொத்தம் 770 கலோரி, 51 கிராம் கூடியது. இப்போது 2,570 கலோரி, 97 கிராம். கணக்கு கிட்டத்தட்டச் சரியாக உட்கார்ந்துவிட்டது. பவுடர் டப்பா இல்லை, ப்ரோக்கோலி இல்லை, அவகாடோ இல்லை. அறையில் ஒரு கரண்ட் கெட்டில் இருந்தாலே முட்டை அவித்துவிடலாம், மேன்ஷன் ஓனர் பார்க்காமல் இருந்தால்.

அப்படியென்றால் தினமும் ராத்திரி நாலு பரோட்டா, சால்னா அடித்தால் சீக்கிரம் ஏறிவிடுமே?

ஏறும், வயிறு. ஒரு பரோட்டா 250-லிருந்து 300 கலோரி வரை வரும், புரதம் ஐந்து கிராம் சுற்று வட்டாரத்தில்தான். தசை வளர்வதற்கு ஒரு வேக வரம்பு உண்டு. புதிதாக ஆரம்பிக்கும் ஆண் எல்லாம் ஒழுங்காகச் செய்தால் முதல் வருடத்தில் மாதம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை போடலாம், பெண்களுக்கு அதில் பாதி. அதற்கு மேல் தினமும் ஆயிரம் கலோரி கூடுதலாகத் தள்ளினாலும் தசை வேகமாக வராது, மிச்சமெல்லாம் கொழுப்பாகத்தான் சேரும்.

இதில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமும் சாதாரணமில்லை. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் 12 ஜோடி இரட்டையர்களுக்கு வாரம் ஆறு நாள், தினமும் 1,000 கலோரி கூடுதலாக, மொத்தம் 84 நாள் கொடுத்தார்கள். ஒருவர் 4.3 கிலோ ஏறினார், இன்னொருவர் 13.3 கிலோ. ஒரே ஜோடியில் இருந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறினார்கள். அதனால் நண்பனுக்கு ஏறிய கணக்கை வைத்து உங்கள் தட்டை நிரப்பாதீர்கள், அவன் அப்பா அம்மா வேறு.

தொப்பையும் இருக்கிறது, கையும் ஒல்லி. நான் ஏற்றணுமா இறக்கணுமா?

ஐ.டி. ஆட்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். கூடுதல் கலோரியே வேண்டாம். எடை நிற்கும் அளவுக்கு 300 கலோரி குறைவாகச் சாப்பிட்டு, புரதத்தை 1.6-லிருந்து 2-க்குள் வைத்து, எடைகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். கொழுப்பு குறைந்துகொண்டே தசை ஏறுவது புதியவர்களுக்கு நடக்கக்கூடியதுதான். கனடாவில் இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2016-ல் வெளியானது: நான்கு வாரம் கலோரியை 40 சதவீதம் குறைத்து, கடுமையான பயிற்சி கொடுத்து, ஒரு குழுவுக்குக் கிலோவுக்கு 2.4 கிராம், இன்னொன்றுக்கு 1.2 கிராம் புரதம். அதிகப் புரதம் சாப்பிட்டவர்கள் கிட்டத்தட்ட 4.8 கிலோ கொழுப்பு இழந்தார்கள், அதே சமயத்தில் 1.2 கிலோ தசைப் பக்கம் ஏறினார்கள். நீங்கள் அந்த அளவுக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

சோற்றை விட்டுவிடணுமா?

எதற்கு? சோறு தப்பே செய்யவில்லை. எடை தூக்கத் தெம்பு மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது. நூறு கிராம் வடித்த சோறு 130 கலோரி, இரண்டரை கிராம் புரதம். பிரச்சினை தட்டில் சோறு மலையாக, குழம்பு ஓடையாக, பருப்பு அதில் எங்கோ காணாமல் போனதாக இருப்பதுதான். சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று ஹோட்டலில் கரண்டியை விட்டுத் துழாவிப் பாருங்கள், தெரியும். வீட்டில் என்றால் அம்மாவிடம் சொல்லி அடியிலிருந்து எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

நான் சைவம். 96 கிராம் எப்படி வரும்?

வரும், கொஞ்சம் திட்டம் போட வேண்டும். மேலே சொன்ன மெஸ் கணக்கில் நான்கு முட்டையை எடுத்துவிட்டு 75 கிராம் பன்னீரும் 25 கிராம் சோயா உருண்டையும் வையுங்கள். புரதம் 27 கிராம், கலோரி 300. முட்டைக்குச் சமம்.

சோயா உருண்டை என்றாலே பெண் தன்மை வந்துவிடும் என்று ஒரு பயம் சுற்றுகிறது. அளவாகச் சாப்பிடும் ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. காய்ந்த உருண்டை 100 கிராமில் 52 கிராம் புரதம் இருக்கிறது, மளிகைக் கடையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு புரதம் வேறு எதிலும் கிடைக்காது. வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு மிளகு வறுவலாகச் செய்தால் வாசனை பெரிதாகத் தெரியாது.

பருப்பு வகை எல்லாமே காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 20-லிருந்து 25 கிராம் வரும்: துவரை, பாசிப்பயறு, காராமணி, கொண்டைக்கடலை. பொட்டுக்கடலையும் அந்த வரிசைதான். அதை மாவாக்கிப் பாலிலோ மோரிலோ கலக்கிக் குடிக்கலாம், ஷேக்கர் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த எண்ணைச் சுண்டலுக்கு அப்படியே போடாதீர்கள். வேகும்போது தண்ணீர் ஏறிவிடும், வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம்தான் இருக்கும். மெரினாவில் கோனில் கொடுக்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலை வைத்து உடம்பு ஏற்ற நினைத்தால் கடற்கரையையே காலி செய்ய வேண்டியிருக்கும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற செங்கற்களால் கட்டியது. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அரிசியில் அது பரவாயில்லை. இட்லியும் பொங்கலும் பருப்பு சாதமும் இதைத்தான் சரிக்கட்டுகின்றன. ஒரே வேளையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். செடிப் புரதம் செரிப்பது கொஞ்சம் குறைவு என்பதால் பால், தயிர்கூடத் தொடாதவர்கள் 1.6-க்குப் பதில் 1.8 என்று வைத்துக்கொள்வது நல்லது.

வேர்க்கடலையைப் புரதம் என்று நினைத்துக் கொறிப்பவர்களுக்கு: 100 கிராமில் 25 கிராம் இருக்கிறது, உண்மை. கூடவே 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒல்லியானவருக்கு அது வரம், தொப்பைக்காரருக்கு இல்லை.

புரட்டாசியில் என்ன செய்வது? மாலை போட்டால்? நோன்பு வைத்தால்?

புரட்டாசியும் சபரிமலை விரதமும் ஒன்றுதான், மேலே சொன்ன சைவக் கணக்கு. ஒரு மாதம் கறி இல்லாவிட்டால் தசை கரைந்துவிடாது. புரட்டாசியில் மெலிகிறவர்கள் பெரும்பாலும் கறிக்குப் பதில் எதையும் வைக்காமல் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுகிறவர்கள்.

ரமலானில் சஹரில் முட்டை, தயிர், சப்பாத்தி என்று கனமாகச் சாப்பிடுங்கள், இஃப்தாருக்கு நோன்புக் கஞ்சியோடு கறியோ முட்டையோ சேருங்கள், தராவீஹ் தொழுகை முடிந்ததும் ஒரு டம்ளர் பாலும் இன்னொரு சாப்பாடும். மூன்று வேளையில் அளவு வந்துவிடும். பயிற்சியை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சென்னை வெயிலில் தண்ணீர் இல்லாமல் பகலில் தூக்க வேண்டாம்.

முட்டையில் மஞ்சளைத் தூக்கி எறியணுமா? பச்சையாகக் குடிக்கலாமா?

எறியாதீர்கள். ஒரு முட்டையில் இருக்கும் 6 கிராமில் ஏறக்குறைய இரண்டரை கிராம் மஞ்சளில்தான் இருக்கிறது. கொழுப்புப் பிரச்சினை இருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள் மட்டும் மஞ்சளை எண்ணிச் சாப்பிடுங்கள்.

பச்சை முட்டை சினிமாவுக்கு நன்றாக இருக்கும். 1998-ல் அளந்து பார்த்ததில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். சால்மோனெல்லா கிருமி வந்தால் அந்த ஐம்பதும் கழிவறைக்கு.

மீன், கோழி, சூப் எல்லாம்?

எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 100 கிராம் எடுத்தால் 22 கிராம் புரதம், வெந்தால் சுருங்கி அதே 100 கிராமில் 31 கிராம். கணக்குப் போடும்போது பச்சையா வெந்ததா என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்தால் குழப்பம்தான். கடையில் வாங்கும் ஒரு கிலோவில் எலும்பும் சேர்த்திதான்.

மீனுக்கு வஞ்சிரம் தேவையே இல்லை. காசிமேட்டில் காலையில் போனால் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும், 100 கிராமுக்கு 20 கிராம் சுற்றி வரும், வஞ்சிரமும் அதே அளவுதான். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசு முள் எடுக்கும் வேலைக்கான கூலி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாட்டில் புரதம் நிறைய, உப்பு அதைவிட நிறைய. கூழுக்குத் தொட்டுக்கொள்ளலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் கால் தசை வளரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் வருவது கொலாஜன் வகைப் புரதம். டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை, தசையை வளரத் தூண்டும் லூசினும் குறைவு. ருசிக்காகக் குடியுங்கள், கணக்கில் எழுதாதீர்கள்.

பவுடர் வாங்கணுமா?

சாப்பாட்டிலேயே அளவு வந்துவிட்டால் வேண்டாம். வரவில்லை, சமைக்க நேரமில்லை, காசு இருக்கிறது என்றால் வாங்கலாம். பவுடர் டப்பாவில் எழுதியிருக்கும் வே (whey) என்பது பாலிலிருந்து சீஸ் எடுத்த பிறகு நிற்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த புரதம், மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கரண்டியில் 24 கிராம் சுற்றி இருக்கும், அதாவது நான்கு முட்டை. விலையை மொத்தப் புரத கிராமால் வகுத்து, அன்றைய முட்டை விலையை ஆறால் வகுத்து வருவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது மலிவு என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில் புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. பொது மக்களுக்குச் சொன்னது அது, அவ்வளவு கறாராக நான் இல்லை. ஆனால் நம் ஊர்ச் சந்தையை அப்படியே நம்பவும் முடியாது. அதே 2024-ல் இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொருட்களைப் பரிசோதித்ததில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் டப்பாவில் எழுதிய புரத அளவு சரியாக இல்லை, சிலவற்றில் எழுதியதில் பாதிதான் இருந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம்மில் லூஸாகப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதை எவ்வளவு நெருங்கிய மாஸ்டர் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

'மாஸ் கெய்னர்' என்று பெரிய வாளி மாதிரி விற்கிறார்களே, பின்னால் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்துத் தூள். இரண்டு வாழைப்பழம், பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, கொஞ்சம் வெல்லம் எல்லாம் மிக்ஸியில் ஓட்டினால் அதைவிட நல்ல கெய்னர்.

கிரியேட்டின்?

பயிற்சியில் தசைக்குத் தெம்பு கொடுக்கும் தூள் இது. மோனோஹைட்ரேட் வகை, தினமும் 3-லிருந்து 5 கிராம், எந்த நேரத்திலும். வேலை செய்யும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய சில பொருட்களில் ஒன்று. முதல் வாரங்களில் ஒரு கிலோ எடை கூடும், அது தசைக்குள் ஏறும் தண்ணீர், சந்தோஷப்பட்டுக் கலோரியைக் குறைத்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கிட்னியைச் சோதிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும்.

இவ்வளவு புரதம் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார்.

கிட்னி ஆரோக்கியமாக இருப்பவருக்கு மேலே சொன்ன அளவுகளால் கிட்னி கெட்டதாக ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஏற்கெனவே கிட்னிக் கோளாறு இருப்பவருக்கு அதிகப் புரதம் சுமைதான், அம்மாவின் பயம் அங்கே சரி. நம் பக்கத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பலருக்குத் தெரியாமலே இருக்கின்றன, இரண்டுமே கிட்னியைச் சத்தமில்லாமல் கெடுக்கும். ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் சர்க்கரை, கிரியேட்டினின், அப்புறம் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டை அம்மாவிடம் காட்டினால் அவரும் முட்டை அவித்துக் கொடுப்பார்.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் புரதம் குடிக்காவிட்டால் வீணா?

இல்லை. நாள் மொத்தம்தான் முக்கியம். நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம், அதாவது 60 கிலோ ஆளுக்கு 24 கிராம் வரும்படி வைத்துக்கொண்டால் நல்லது. நம் ஆட்கள் தடுமாறுவது காலையில்தான். இட்லி தோசையில் புரதம் சொற்பம், கூட இரண்டு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் வைத்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

கத்திரி வெயிலில் யாருக்கும் இறங்காது. மெல்லுவதைக் குறைத்துக் குடிப்பதைக் கூட்டுங்கள். தள்ளுவண்டிக் கேழ்வரகுக் கூழ் வயிற்றுக்குக் குளிர்ச்சி, ஆனால் அதில் புரதம் அதிகம் இல்லை. கெட்டித் தயிரைச் சேர்த்துக் கரைத்தால் கொஞ்சம் தேறும். நீலப் பாக்கெட்டுக்குப் பதில் ஆரஞ்சுப் பாக்கெட் பால் வாங்கினால் கொழுப்பு மூன்று சதவீதத்திலிருந்து ஆறாகும், அதே டம்ளரில் கலோரி கூடிவிடும். பெரிய சாப்பாட்டை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு வேறு கணக்கா?

கிலோவுக்கு அதே 1.6. 28 வயது, 55 கிலோ, 158 செ.மீ. என்றால் 88 கிராம் புரதம். வாரம் மூன்று நாள் பயிற்சி என்றால் எடை நிற்க 1,800 கலோரி சுற்றி, ஏற 2,000. எடை தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவேனோ என்ற கேள்விக்கு: அதற்கு வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் உங்கள் உடம்பில் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சக் குழம்பில் சாப்பிடும் பழக்கம்தான் பல பெண்களின் 88 கிராமுக்கு நிஜ எதிரி. உங்கள் முட்டையை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. அவருக்கும் புரதம் வேண்டுமா?

உங்களைவிட அவருக்குத்தான் அவசரம். வயது ஏற ஏற அதே புரதத்துக்குத் தசை மந்தமாகத்தான் பதில் கொடுக்கும். ஆரோக்கியமான முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1-லிருந்து 1.2 கிராம் வேண்டும் என்று முதுமை மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள், எடைப் பயிற்சி செய்தால் அதற்கும் மேல். ராத்திரி இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்கிறார் என்றால் ஒரு கிண்ணம் பாசிப்பயறும் பாலும் சேருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள், அதுவே அவருக்கு பஸ்கி. கிட்னி, சர்க்கரைப் பரிசோதனை இவருக்குக் கட்டாயம்.

எத்தனை நாளில் தெரியும்? சரியாகப் போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

காலையில் எழுந்து கழிவறை போய்விட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணை நம்பாதீர்கள், முந்தின ராத்திரி ஊறுகாயும் பிரியாணியும் தண்ணீரைப் பிடித்து வைத்து ஒரு கிலோ கூடக் காட்டும். வாரச் சராசரி எடுங்கள். வாரத்துக்கு எடையில் கால் சதவீதத்திலிருந்து அரை சதவீதம் ஏறினால் சரி, 60 கிலோவுக்கு 150-லிருந்து 300 கிராம். அசையவில்லை என்றால் 150 கலோரி கூட்டுங்கள். வேகமாக ஏறி இடுப்பு பேண்ட் இறுக்கினால் அதே அளவு குறையுங்கள். தூக்கும் எடையும் மாதத்துக்கு மாதம் கூட வேண்டும், அது கூடாமல் உடம்பு மட்டும் ஏறினால் ஏறுவது தசை இல்லை. ஏழெட்டு மணி நேரத் தூக்கம் இல்லாமல் இதில் எதுவும் முழுசாக வேலை செய்யாது.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் தசை சீக்கிரம் வருமாமே?

வரும். விரை சுருங்கும், மார்பு பெண் மாதிரி வளரும், கொலஸ்ட்ரால் தாறுமாறாகும், இதயம் வீங்கும். ஊசியை நிறுத்தும்போது வந்ததில் பெரும்பகுதி போய்விடும். இந்தப் பேச்சை எடுக்கும் மாஸ்டர் இருக்கும் ஜிம்மை மாற்றுங்கள்.

சனிக்கிழமை ஒரு பீர்?

650 மில்லி பாட்டிலில் 250-லிருந்து 300 கலோரி, புரதம் இரண்டு மூன்று கிராம். அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு: பயிற்சி முடித்துவிட்டு நிறையக் குடித்தவர்களுக்கு, கூடவே நல்ல புரதம் கொடுத்தும் தசைப் புரதம் உருவாவது 24 சதவீதம் குறைந்ததாக 2014-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அவர்கள் குடித்தது ஒரு பீர் இல்லை, அதைப் போல பல மடங்கு. எப்போதாவது ஒன்று என்றால் கால் பயிற்சி இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சைட் டிஷ்ஷுக்கு மிக்சருக்குப் பதில் அவித்த முட்டை வாங்குங்கள்.